வலது ஓரத்து இலை

இன்ஸ்பெக்‌ஷனுக்கு சரக்கு வாங்குகிறவர்கள் அனுப்பிய அம்மா ஆபீஸ் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் டீயை முடித்துவிட்டு வந்து பார்க்கப்போகும் குயில்ட் எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் தையல் விட்டுப்போயிருந்தது. உள்ளங்கை அளவு இடத்தில் நூலே இல்லை. எங்கள் சின்னவர் என் டேபிளுக்கு ஓடி வந்தார். அவர்தான் கம்பெனி முதலாளி. அவருடைய அப்பா காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்தார், மகன் பெருந்துறையில் குயில்ட் கம்பெனி ஆரம்பித்தார். அதனால் அவருக்கு எத்தனை வயதானாலும் சின்னவர்தான்.

"ஏனுங்க கோமதியக்கா, ஏதாச்சும் பண்ணுங்க. அந்தம்மாவை நான் இன்னொரு டீ குடிக்க வெக்கறேன்" என்றார்.

பயிற்சிக்கு வருகிற பெண்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது இந்த நாளைப் பற்றித்தான். தப்பை எப்படி டிசைன் ஆக்கினீர்கள், அந்த இலை எப்படித் தோன்றியது என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே பாதிக் கதையைச் சொல்லி அனுப்பிவிடுவேன். மீதிப் பாதியைச் சொல்ல மனது வராது. இப்போது பயிற்சி நடத்துகிறவர்கள் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எழுதுவதென்றால் முழுக்க எழுத வேண்டும்.

தலைகீழ் யானை

என் வேலையின் பெயர் ஃபினிஷிங் இன்சார்ஜ். பெயர்தான் பெரியது. மற்றவர்கள் கெடுத்ததை நல்லதாக்குவதுதான் வேலை. கம்பெனிக்கு வருமுன் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பிளவுஸ் கடையில் தைத்துக்கொண்டிருந்தேன். அங்கே அளவு தப்பினால் வாடிக்கையாளர் நேராக முகத்துக்கு முன்னால் வந்து நிற்பார். அந்தப் பயத்தில் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

குயில்ட் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு மாதிரி வாடிங். மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குயில்ட். நம் ஊர் வெயிலுக்கு யாரும் போர்த்திக்கொள்ள மாட்டார்கள், எல்லாம் குளிர் நாடுகளுக்குப் போகும். மூன்றும் ஒன்றாகத் தைக்கப்பட்ட பிறகு ஒரு தப்பு தெரிந்தால் பிரிக்க முடியாது. பிரித்தால் ஊசித் துளை அப்படியே நிற்கும். ஆகவே தப்பின் மேல்தான் எதையாவது செய்தாக வேண்டும்.

ஒரு முறை குழந்தைக் குயில்ட் ஒன்றில் கட்டம் கட்டமாக யானை. தைத்தவள் பக்கத்து மெஷின்காரியோடு சிரித்துக்கொண்டே ஒரு யானையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். பாவம், காலைத் தூக்கிக்கொண்டு ஒன்று மட்டும் கிடந்தது. நான் என்ன செய்தேன் என்றால், இன்னும் மூன்று யானைகளை வெட்டி, வரிசைக்கு ஒன்று தலைகீழாக வரும்படி மேலே ஒட்டித் தைத்தேன். இப்போது பார்த்தால் யானைகள் குட்டிக்கரணம் போடுகின்றன. இன்னொரு முறை நூல் வெட்டும்போது கத்தரி மாட்டி நடுவில் கிழிந்துவிட்டது. அதன் மேல் ஒரு பாக்கெட் வைத்தேன். போர்வைக்கு எதற்குப் பாக்கெட் என்று வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையர் கேட்டாராம். பொம்மை வைத்துக்கொள்ள என்று சின்னவர் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார்.

இப்படித்தான் எனக்குப் பேர் வந்தது. பேர் வந்தால் சும்மா இருக்குமா, தலைக்கும் கொஞ்சம் ஏறும். ஒரு பீஸைக் கொண்டுவந்து "இதை ஒண்ணும் பண்ண முடியாதுங்கக்கா" என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளுக்குள் குஷியாக இருக்கும். கொடு பார்க்கலாம் என்று கையை நீட்டுவேன்.

டீ ஆறுவதற்குள்

வலது ஓரத்துக்கு வருகிறேன். தையல் விட்ட இடம் எல்லா பீஸிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருந்தது. மேல்துணியின் வேஸ்ட் ஓரம் மூட்டையாகக் கிடந்தது. அதில் இருந்து பச்சைப் பகுதியை இலை மாதிரி வெட்டினேன். வெற்றிலை மாதிரி இல்லை, கொஞ்சம் நீட்டமாக, புங்க இலை மாதிரி. அதை அந்த வெற்றிடத்தின் மேல் வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துக் கையால் தைத்தேன். நடுவில் ஒரு நரம்பு மட்டும் ஓட்டுத் தையல் போட்டேன். அந்த நரம்புதான் மேல்துணியையும் வாடிங்கையும் கீழ்த்துணியையும் பிடித்துக்கொண்டது. அழகுக்கு அழகு, உறுதிக்கு உறுதி. அந்தம்மா வருவதற்குள் மேலே இருந்த சில பீஸ்களுக்குத்தான் அப்படிச் செய்ய முடிந்தது.

அந்தம்மா வந்து முதல் பீஸை விரித்தார். இலையைத் தடவிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "இது சாம்பிளில் இல்லையே" என்றார். சின்னவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அந்தம்மா போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பேசிவிட்டுச் சிரித்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். கையால் செய்த மாதிரி உயிரோடு இருக்கிறதாம்.

சின்னவர் அன்றைக்கு எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். "அக்கா இருக்கறவரைக்கும் நமக்குப் பயமே இல்லீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அந்த வெற்றிடம் எப்படி வந்தது என்று அன்றைக்கு யாரும் பேசவில்லை. ஒருத்திக்கு நன்றாகத் தெரியும்.

அம்சவேணி

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் மல்டி நீடில் மெஷினை ஓட்டியவள் அம்சவேணி. காங்கேயம் பக்கத்துக் கிராமம், தினமும் கம்பெனி வண்டியில் வருவாள். என்னைவிட நிறைய இளையவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மூன்று ரோலில் இருந்தும் துணி வந்து, இரண்டு ரப்பர் ரோலர்களுக்கு நடுவில் நுழைந்து, வரிசை ஊசிகளுக்குக் கீழே போகும். அவள் வேலை, துணி கோணாமல் போகிறதா என்று பார்ப்பது.

இலை வைத்த மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு என் டேபிளுக்கு வந்தாள்.

"அக்கா, அது என்ற தப்பு இல்லீங்க. ரோலரோட வலது பக்கம் ரப்பர் தேஞ்சு போச்சு. அந்தப் பக்கம் மட்டும் துணி இழுக்க மாட்டேங்குது. சுருங்கி நிக்குது, ஊசி தாண்டிப் போயிருது."

"சின்னவர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேனுங்க. பாத்துக்கலாம்னாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, நீங்க சொன்னாக் கேப்பாரு."

நான் சொன்னேன். அன்றைக்கே சொன்னேன். சின்னவர் மறுக்கவில்லை. அவர் யாரிடமும் முகத்தில் அடித்த மாதிரிப் பேசுகிற ஆள் இல்லை. "மாத்திப்போடலாமுங்கக்கா. கோயமுத்தூர்ல இருந்து மெக்கானிக் வரோணும், மெஷினை நிறுத்தோணும். இந்த ஷிப்மென்ட் மட்டும் போகட்டுங்க" என்றார். நானும் "சரிங்க" என்று வந்துவிட்டேன். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒருவரை நெருக்கிப் பேசுவது மரியாதை இல்லை. முடியாது என்று அவர் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பாத்துக்கலாமுங்க என்று சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

அந்த ஷிப்மென்ட் போயிற்று. அடுத்த ஆர்டர் வந்தது. அதில் வலது ஓரத்தில் இலை வரைந்தே வந்தது.

இலைக்கு ஆர்டர்

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். மெஷின் எந்த இடத்தில் தப்பு செய்கிறதோ அந்த இடத்திலேயே பையர் டிசைன் கேட்கிறார். அப்படியென்றால் தையல் விட்டாலும் விடாவிட்டாலும் அங்கே இலை வரத்தான் போகிறது. ரிஜெக்ட் இல்லை, விலை குறைத்துத் தள்ளும் செகண்ட்ஸ் இல்லை. அப்புறம் யாருக்கு ரோலரை மாற்ற அவசரம் இருக்கும்?

என் டேபிளுக்கு இன்னும் இரண்டு பெண்களைப் போட்டார்கள். இலை வெட்ட ஒருத்தி, மடித்து ஒட்ட ஒருத்தி, நரம்பு போட நான். மதியம் சாப்பிட்ட பிறகு, மெஷின் மறுபடி ஓடும்வரை அம்சவேணியும் வந்து உட்கார்ந்து நரம்பு போடுவாள். அவள் தையலைப் பார்த்து நானே அசந்திருக்கிறேன். என் தையலைவிட நெருக்கம், இழுப்பே தெரியாது. அவளுக்கு மெஷினை விட்டுவிட்டு என் டேபிளுக்கு வந்துவிட ஆசை.

"அந்தச் சத்தத்துல நின்னு நின்னு ஊட்டுக்குப் போனாலும் காதுல கேக்குதுங்கக்கா. இங்கெ உங்ககூட உக்காந்து தெச்சுட்டு இருந்தா நிம்மதியா இருக்கும்" என்பாள்.

"அடுத்த சீசனுக்கு உன்னைய இங்கெ கேட்டு வாங்கிக்கறேன் அம்மணி" என்று சொல்லி வைத்திருந்தேன். சின்னவரிடமும் கேட்டேன். அவர் அதற்கும் சரி என்றார். வேறொரு ஆபரேட்டர் பழகட்டும் என்றார். அவர் சரி என்று சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான் அவரை நெருக்க முடியவில்லை.

ஆனால் ரோலர் தேய்வது நிற்குமா? சுருக்கம் அதிகமாகிக்கொண்டே வந்தது. இலைக்குள் அடங்காத அளவுக்கு வெற்றிடம் நீண்டது. நான் சும்மா இருந்தேனா? ஒரு இலையை இரண்டாக்கினேன். அப்புறம் ஒரு கொடி ஓட விட்டேன். அதற்கும் பாராட்டு வந்தது. இந்தப் பக்கம் நான் கொடி விட, அந்தப் பக்கம் அம்சவேணி துணியைக் கையால் தள்ளிவிட ஆரம்பித்திருந்தாள். ரோலருக்கு முன்னால் ஒரு இரும்பு கவர் உண்டு. அதைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும், அதற்கு ஒரு சுவிட்ச். கவரை மூடினால் கை போகாது, கை போகாவிட்டால் சுருக்கத்தை எடுத்துவிட முடியாது. கவர் திறந்திருந்தாலும் மெஷின் ஓடும்படி சுவிட்சை யாரோ கம்பியால் கட்டிவிட்டார்கள். யார் கட்டினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லாருக்கும் அதில் வேலை நடந்தது, அதனால் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு தடவையும் சின்னவரிடம் போனேன். "கையை விட்டுத் தள்ளிட்டு இருக்கறாங்க, எனக்கு என்னமோ சரியாப் படலீங்க" என்றேன். அவர் முகம் வாடியது. உண்மையாகவே கவலைப்பட்டார். "இந்த மாசம் கட்டாயம் பண்ணிப்போடலாமுங்க. அம்சவேணியச் சித்தெ சூதானமா இருக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் அக்கா டேபிள் இருக்குதுங்கல்ல" என்றார்.

நான் போய் அம்சவேணியிடம் கையைப் பார்த்துச் சூதானமாக இருக்கச் சொன்னேன். அவள் சரிங்கக்கா என்றாள்.

சத்தம் நின்றது

காலை டீ முடிந்து எல்லாரும் வேலைக்கு உட்கார்ந்த நேரம். நான் கொடிக்கு நரம்பு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மெஷின் சத்தம் எங்கள் காதுக்குப் பழகியது, ஓடும்போது கேட்காது, நின்றால்தான் கேட்கும். நின்றது. யாரோ சிவப்புப் பட்டனை அடித்திருந்தார்கள். அம்சவேணி கத்தவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள்தான் கத்தினாள்.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அதற்கு மேல் எழுத என்னால் முடியாது. சின்னவரே காரை எடுத்து, வண்டியில் நான் அவள் கையைத் துணியோடு பிடித்துக்கொள்ள, கோயமுத்தூருக்குப் போனோம். வழியெல்லாம் அவள் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அக்கா, ஊசி புடிக்க முடியுமுங்களா?" நான் முடியும் முடியும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த இரண்டு விரல்களிலும் பாதியைத்தான் டாக்டர் காப்பாற்றினார். அவர் மேல் குற்றம் இல்லை.

சின்னவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். அவளுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் அவர் செய்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். அந்த வாரமே மெக்கானிக் வந்தார். பழைய ரோலரைக் கழற்றி, புது ரப்பர் போட்ட ரோலரை மாட்டி, ஓட்டிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். சின்னவர் அந்த மெஷின் பக்கத்தில் நின்றபடியே இருந்தார்.

"இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வலது ஓரத்தில் ஒரு தையல்கூட விடவில்லை. ஆனாலும் ஆர்டரில் இலை இருந்தது, கொடி இருந்தது. பழுதில்லாத துணியில் இலை வைக்க வேண்டியிருந்தது. எனக்கு ஊசி ஓடவில்லை. கண் சரியில்லை என்று சொல்லிவிட்டு நரம்பு போடுவதை மற்றப் பெண்களிடம் கொடுத்துவிட்டேன்.

தேங்காய்க் களம்

அம்சவேணி திரும்ப வேலைக்கு வரவில்லை. சின்னவர் செக்கிங்கில் உட்கார வேலை தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். அவள் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாள். காங்கேயம் பக்கத்தில் ஒரு களத்தில் தேங்காய்ப் பருப்பு காய வைக்கிற வேலைக்குப் போய்விட்டாள்.

நான் போய்ப் பார்க்க ரொம்ப நாள் ஆகிவிட்டது. போக வேண்டும் என்று நினைப்பேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பியும் வந்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து போனேன். களத்து வெயிலில் கண் கூசியது. இடது கையால் பருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கக்கா, வாங்க. இந்த வெயில்ல ஏனுங்க வந்தீங்க? ஒரு போன் போட்டிருந்தா நானே ரோட்டுக்கு வந்திருப்பேனுங்க."

ஓட்டு நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். பிள்ளைகள் படிப்பு, அவள் வீட்டுக்காரரின் மில் வேலை, என் முழங்கால் வலி என்று எல்லாம் பேசினோம். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"இன்னும் அந்த எலை வெக்கறாங்களாக்கா?"

"வெக்கறாங்க கண்ணு."

"நல்லா இருக்குமுங்க அது." இடது கையால் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு அம்மணி."

"நீங்க சித்தெ மோசமாத் தெச்சிருக்கலாமுங்கக்கா."

குழம்பில் உப்பு ஒரு கல் கூடிவிட்டது என்று சொல்வார்களே, அந்த மாதிரித்தான் சொன்னாள். குற்றம் சாட்டவில்லை. சொல்லிவிட்டு மோர் டம்ளரை வாங்கிக் கழுவப் போனாள். அவள் சொன்னது சரி. முதல் நாள் என் கைக்கு இலை வராமல் போயிருந்தால் அந்த ஷிப்மென்ட் திரும்பியிருக்கும். சின்னவர்கூட ஒரு நாள் முழுக்க எல்லாரிடமும் கத்தியிருப்பார். மறுநாள் மெக்கானிக் வந்திருப்பார். இப்போது அவள் என் டேபிளில் எனக்கு எதிரே உட்கார்ந்து நரம்பு போட்டுக்கொண்டிருப்பாள்.

தப்பைத் திருத்துவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தலைகீழ் யானைக்கு இன்றைக்கும் அதையேதான் செய்வேன். அது ஒருத்தி சிரித்துக்கொண்டே செய்த தப்பு, அன்றோடு போயிற்று. ஆனால் அதே தப்பு அதே இடத்தில் மறுபடி வந்தால் இப்போது நான் ஊசி எடுப்பதில்லை. பீஸை அப்படியே மடித்து ஆபீஸ் ரூமில் வைத்துவிடுவேன். "அக்காவுக்கு வயசாச்சு, முன்ன மாதிரி கை வரமாட்டேங்குது" என்று புதுப் பெண்கள் பேசிக்கொள்வது என் காதில் விழுகிறது. சின்னவருக்கு மட்டும் தெரியும், அவர் காரணம் கேட்காமல் மெஷினை நிறுத்தச் சொல்வார்.

இதைப் படிக்கிறவர்களில் கை நன்றாக வருகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். தையல் விட்ட துணி கையில் வந்ததும் அதை எப்படி அழகாக்கலாம் என்று மனது ஓடும், எனக்கு இன்னும் ஓடுகிறது. அதைக் கொஞ்சம் கீழே வையுங்கள். எழுந்து அந்தத் துணி வந்த மெஷினுக்குப் போங்கள். அங்கே நிற்பவளின் கை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.